முதுகில் ஏறிய வீடு

காட்டுக்கும் பனிக்கும் பாலைவனத்துக்கும் போனவர்கள் எதையெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள்? அதில் எது காப்பாற்றியது, எது காலை வாரியது?

1859 மே மாதம். கனடாவின் வடகோடியில் இருக்கும் கிங் வில்லியம் தீவில், பனியில் பாதி புதைந்து கிடந்த ஒரு படகைத் தேடுதல் குழு ஒன்று கண்டுபிடித்தது. 28 அடி நீளப் படகு. அதைக் கனத்த மரச் சறுக்குவண்டி ஒன்றின்மேல் ஏற்றிக் கட்டியிருந்தார்கள். படகும் வண்டியும் சேர்ந்து ஏறத்தாழ 635 கிலோ. உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள். கூடவே கிடந்த பொருட்களைக் குழுத்தலைவர் ஃபிரான்சிஸ் மெக்ளின்டாக் பட்டியல் எடுத்தார். பட்டுக் கைக்குட்டைகள், வாசனைச் சோப்பு, துண்டுகள், பல் பிரஷ்கள், சீப்புகள், வீட்டுக்குள் போடும் செருப்புகள், ஆணி, ரம்பம், அரம், ஈயத்தகடு, புத்தகங்கள், வெள்ளிக் கரண்டியும் முள்கரண்டியுமாக 26. சாப்பிட என்று இருந்தவை கொஞ்சம் தேயிலையும் 18 கிலோ சாக்லேட்டும்தான். ரொட்டியோ இறைச்சியோ ஒரு துண்டுகூட இல்லை.

அதை இழுத்து வந்தவர்கள், சர் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் 1845-ல் இங்கிலாந்திலிருந்து கிளம்பிய எரெபஸ், டெரர் கப்பல்களின் மாலுமிகள். வட அமெரிக்காவின் தலைக்கு மேலே பனிக்கடல் வழியாக ஆசியாவுக்கு ஒரு பாதை காண்பது அவர்களுக்கு இட்ட வேலை. மொத்தம் 129 பேர். மூன்று ஆண்டுகளுக்கான உணவும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களும் கப்பல்களில் இருந்தன. 1846-ல் கப்பல்கள் உறைபனியில் சிக்கின. அடுத்த ஆண்டு ஃபிராங்க்ளின் இறந்தார். 1848 ஏப்ரலில், உயிரோடு எஞ்சியிருந்த 105 பேர் கப்பல்களைக் கைவிட்டுத் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். ஒருவரும் ஊர் போய்ச் சேரவில்லை.

சாவுக்குக் காரணங்கள் பல: நோய், பசி, குளிர். படகின் பட்டியலோ வேறொரு செய்தியையும் சொல்கிறது. உடம்பில் தெம்பில்லாத மனிதர்கள், உறைந்த தரையில், வெள்ளிக் கரண்டிகளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். போகிற இடம் என்ன கேட்கிறது என்று பார்த்து ஏற்றிய சுமையாக அது தெரியவில்லை. விட்டுவந்த வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து வண்டியில் ஏற்றியது போலத்தான் இருக்கிறது.

அந்த நிலத்தில் மனிதர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். இன்யூட் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே சீல் வேட்டையாடி, கரிபூ மானின் தோலை உடுத்தி, பனியை வெட்டி வீடு கட்டி வாழ்ந்துவந்தார்கள். வீட்டை அவர்கள் சுமக்கவில்லை. போன இடத்தில் ஒரு மணி நேரத்தில் கட்டிக்கொண்டார்கள். இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்: சிறுசிறு குடும்பங்களாக அலைகிறவர்களுக்குச் சோறு போடும் நிலம், ஒரே கூட்டமாக வந்திறங்கும் 105 பேருக்குப் போட்டிருக்காது. ஆனால் அந்த மக்களிடம் கற்றுக்கொண்டவர்கள் அதே பனியில் நடமாட முடிந்தது என்பதற்கு அந்தக் காலத்திலேயே சாட்சி உண்டு. ஃபிராங்க்ளின் குழுவின் கதி பற்றிய முதல் உறுதியான செய்தியை 1854-ல் கொண்டுவந்தவர் ஜான் ரே என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். இன்யூட் மக்களைப் போலவே உடுத்தி, வேட்டையாடி, பனிவீட்டில் தூங்கி, சிறு குழுவோடு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்தவர் அவர்.

அரை நூற்றாண்டு கழித்து, 1903-ல், இளைஞர் ஒருவர் அதே கிங் வில்லியம் தீவில் வந்து இறங்கினார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கி, நெட்சிலிக் இன்யூட் மக்களிடம் தோலுடை தைப்பதையும் நாய்வண்டி ஓட்டுவதையும் பனிவீடு கட்டுவதையும் படித்தார். பெயர், ரோல்ட் அமுண்ட்சென். அந்தப் படிப்பு 1911-ல் அவருக்குத் தென்துருவத்தில் கைகொடுத்தது.

20 டன்னும் ஒரு சேகண்டியும்

துருவம் வரை போவதற்கு முன், ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுத்தம்.

1860 ஆகஸ்ட் 20 அன்று மெல்போர்ன் நகரத்து ராயல் பார்க்கில் திருவிழாக் கூட்டம். ராபர்ட் பர்க் தலைமையில் ஒரு குழு கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கப் புறப்படுகிறது. குதிரைகள், வண்டிகள், கடல் கடந்து கொண்டுவந்த இருபதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள். சாமான்களின் எடை சுமார் 20 டன். அதில் ஒரு மேசை, நாற்காலிகள், வாணங்கள், கொடிகள், ஒரு சீனச் சேகண்டி. பாரம் தாங்காமல் வண்டிகள் வழியிலேயே முடங்கத் தொடங்கின. பொறுமையில்லாத பர்க் மூட்டைகளில் பெரும்பகுதியை ஆங்காங்கே விட்டுவிட்டு முன்னே பாய்ந்தார்.

கண்டத்தின் நடுவில் கூப்பர் க்ரீக் என்ற ஓடைக்கரையில் முகாம் போட்டார்கள். அங்கிருந்து டிசம்பரில் பர்க், வில்ஸ், கிங், கிரே என நான்கு பேர் மட்டும் வடக்கே நடந்தார்கள். 1861 பிப்ரவரியில் வடகடலோரச் சதுப்பு நிலத்தை எட்டித் திரும்பினார்கள். வழியில் கிரே இறந்தார். மிச்சமிருந்த மூவரும் ஏப்ரல் 21 மாலை முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அங்கே ஆளில்லை. நான்கு மாதத்துக்கு மேல் காத்திருந்த கூட்டாளிகள் அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தார்கள். மரத்தடியில் கொஞ்சம் உணவைப் புதைத்து, தோண்டிப் பார்க்கும்படி மரப்பட்டையில் செதுக்கிவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த ஓடைக்கரை யாண்ட்ருவாந்தா மக்களின் பூமி. அவர்கள் வந்தவர்களுக்கு மீன் கொடுத்தார்கள். நார்டூ என்ற ஒருவகை நீர்ப்பெரணியின் வித்துறையை அரைத்துச் செய்த அடையையும் கொடுத்தார்கள். பர்க் ஒரு கட்டத்தில் துப்பாக்கியால் சுட்டு அவர்களை விரட்டினார். பிறகு வெள்ளையர்கள் தாங்களே நார்டூ பொறுக்கி அரைத்துச் சாப்பிட்டார்கள். வயிறு நிறைந்தது, உடம்பு தேயத்தான் செய்தது. நார்டூவில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. யாண்ட்ருவாந்தா மக்கள் வறுத்து, தண்ணீர் விட்டு அரைத்து அதன் வீரியத்தை முறித்தார்கள். அந்தப் பக்குவத்தைச் சரியாகக் கைக்கொள்ளாததே பர்க், வில்ஸ் இருவரையும் பெரிபெரி நோயில் தள்ளியிருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இருவரும் அங்கேயே இறந்தார்கள். கிங் மட்டும் யாண்ட்ருவாந்தா மக்களிடம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் போட்ட உணவில் உயிர்பிழைத்து, செப்டம்பரில் மீட்கப்பட்டார்.

20 டன் சாமானோடு கிளம்பிய பயணத்தில், அக்கரை போய்த் திரும்பிப் பிழைத்த ஒரே மனிதரைக் காப்பாற்றியது அந்த 20 டன்னில் ஒரு பொருளும் இல்லை.

தரையில் இறக்கிவைத்த பாரம்

அமுண்ட்சென் தென்துருவத்துக்குக் கிளம்பியது 1911 அக்டோபர் 19. ஐந்து பேர், நான்கு சறுக்குவண்டிகள், 52 நாய்கள். டிசம்பர் 14-ல் துருவத்தைத் தொட்டு, ஜனவரி 25-ல் முகாம் திரும்பினார். அவருடைய வெற்றிக்கு நாய்களையும் தோலுடையையும் காரணமாகச் சொல்வது வழக்கம். இன்னொன்று அவர் பாரத்தைக் கையாண்ட விதம். முந்தைய கோடையிலேயே வழியெங்கும் உணவுக் கிடங்குகள் வைத்து, திரும்பி வரும்போது பனிமூட்டத்தில் தவறவிடாமல் இருக்க, கிடங்குக்கு இருபுறமும் குறுக்காக வெகுதூரத்துக்குக் கொடிகளை நட்டுவைத்தார். எண்ணெய் டப்பாக்களை ஈயம் வைத்து அடைத்தார். மரவேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு, சறுக்குவண்டிகளை இழைத்து இழைத்து எடையைக் குறைத்தார். சுமக்க வேண்டியதைச் சுமக்காமல் தரையில் முன்கூட்டியே இறக்கிவைப்பதுதான் அவர் உத்தி.

பிரிட்டிஷ் குழுவின் ராபர்ட் ஸ்காட் மோட்டார் வண்டி, மட்டக்குதிரை, நாய், மனிதன் என்று நான்கையும் கலந்து நம்பினார். மோட்டார்கள் பழுதாகின, குதிரைகள் தளர்ந்து சுட்டுக்கொல்லப்பட்டன, நாய்கள் திருப்பி அனுப்பப்பட்டன. பியர்ட்மோர் பனியாற்றின் அடிவாரத்திலிருந்து மனிதர்களே வாரைத் தோளில் மாட்டி இழுத்தார்கள், ஆளுக்கு ஏறத்தாழ 90 கிலோ. அந்த உழைப்புக்கு அவர்கள் உண்ட உணவு போதவில்லை என்பது பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது தெளிவாயிற்று. 1912 ஜனவரி 17-ல் துருவத்தை அடைந்தபோது அங்கே நார்வேக் கொடி பறந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் ஐவரும் இறந்தார்கள். கடைசி மூவரின் கூடாரம், ‘ஒரு டன் கிடங்கு’ என்று பெயரிட்ட உணவுக் கிடங்குக்கு 18 கிலோமீட்டர் முன்னால் கிடந்தது. அந்தக் கிடங்கைத் திட்டப்படி இன்னும் சுமார் 55 கிலோமீட்டர் தெற்கே வைத்திருக்க வேண்டும். வைக்கப்போனபோது குதிரைகள் தளர்ந்ததால் முன்னாலேயே இறக்கிவிட்டார்கள்.

அந்தக் கூடாரத்தருகே சுமார் 16 கிலோ கற்கள் இருந்தன. சாகிற நேரத்திலும் அவற்றை வீசியெறியவில்லை. கல்லையா இழுத்தார்கள் என்று சிரிக்கத் தோன்றும். அவற்றில் குளோசோப்டெரிஸ் என்ற பழங்காலத் தாவரத்தின் புதைபடிவங்கள் பதிந்திருந்தன. அதே தாவரத்தின் தடம் இந்திய நிலக்கரிப் படுகைகளிலும் கிடைக்கிறது. அண்டார்க்டிகாவும் இந்தியாவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் துண்டுகளாக இருந்ததற்கான சான்றுகளில் அந்தக் கற்களுக்கும் இடமுண்டு. வெள்ளிக் கரண்டியையும் இந்தக் கல்லையும் ஒரே தராசில் வைக்கலாகாது. அது பழக்கத்தின் சுமை. இது எதற்காகப் போனார்களோ அதன் சுமை.

இருமுடியின் கணக்கு

இந்த வேறுபாட்டைத் தமிழ்நாட்டு ஐயப்ப பக்தர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கார்த்திகை, மார்கழியிலும் அதை இருமுடியாகத் தலையில் வைத்து நடக்கிறார்கள். முன்முடியில் நெய்த்தேங்காயும் பூசைச் சாமானும். பின்முடியில் நடக்கிறவரின் சொந்தத் தேவைக்கான அரிசி, பருப்பு. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாகப் பம்பைக்குப் போகும் பெருவழி, கடைகண்ணி இல்லாத அடர்காடாக இருந்த காலத்தில், பின்முடிதான் உயிர். சமைத்துச் சாப்பிடச் சாப்பிட அது மெலியும். முன்முடி சன்னிதானம் சேரும்வரை குறையாது.

எந்தக் காட்டுப் பயணத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். பையில் இருப்பது எதற்கு: உயிரோடு இருக்கவா, போன வேலையை முடிக்கவா? இரண்டிலும் சேராத பொருள் ஏதாவது இருந்தால், அது வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியே எடுத்து வைத்துவிடலாம்.

உடம்பு சொல்லும் எல்லை

எவ்வளவு தூக்கலாம்? மலையேற்றப் பயிற்சியாளர்கள் வழக்கமாகச் சொல்வது உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. பழகியவர்கள் நான்கில் ஒன்று வரை போகலாம். ராணுவக் கணக்கில் மூன்றில் ஒன்று என்பார்கள். ஆனால் போரில் அந்த வரம்பு காற்றில் பறக்கும். 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டிஷ் மரீன் வீரர்கள் 36 கிலோவுக்குக் குறையாத சுமையோடு, சேற்றிலும் பாறையிலும் 90 கிலோமீட்டரை மூன்று நாளில் கடந்தார்கள்.

இவற்றையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிறவர்கள் நேபாளத்துச் சுமைகாரர்கள். எவரெஸ்ட் அடிவாரத்து நாம்சே சந்தைக்குச் சாமான் கொண்டுபோகிறவர்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2005-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆண்கள் சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 சதவீதமும், பெண்கள் 66 சதவீதமும் சுமந்தார்கள். சிலர் உடல் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அதே எடையை முதுகுப்பையில் தூக்கும் மேற்கத்தியர்களைவிட அவர்களுக்குச் செலவான சக்தி குறைவு.

அவர்கள் கருவி எளிமையானது. டோக்கோ என்ற கூம்புக் கூடை, அதைத் தாங்கி நெற்றியில் மாட்டும் நாம்லோ என்ற பட்டை, கையில் குறுக்குக்கட்டை வைத்த ஒரு குட்டை ஊன்றுகோல். கொஞ்சத் தூரம் நடப்பார்கள், ஊன்றுகோலைக் கூடைக்கு அடியில் கொடுத்து நின்றபடியே இளைப்பாறுவார்கள், மறுபடி நடப்பார்கள். சுமையைத் தரையில் இறக்குவதில்லை, ஏனென்றால் திரும்பத் தூக்குவதுதான் முதுகை முறிக்கும். வழியில் இடுப்புயர மேடை கட்டி, அரசும் ஆலும் நட்டு வைத்திருக்கிறார்கள். அதற்குச் சௌதாரி என்று பெயர். நம் ஊர்ப் பழைய பாதைகளில் நிற்கும் சுமைதாங்கிக் கல்லும் இதே அறிவில் பிறந்ததுதான். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்ட அந்தக் கல், தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் இறக்கி ஏற்றத் தோதான உயரத்தில் நிற்கும்.

முதுகுப்பை வந்த வழி வேறு. 1950-களில் கலிஃபோர்னியாவின் டிக் கெல்டி, இலேசான அலுமினியச் சட்டத்தில் பையை மாட்டி, இடுப்புப் பட்டையும் வைத்து விற்றார். தோளில் தொங்கிய பாரம் இடுப்பெலும்புக்கு இறங்கியது. இன்றைய பைகளின் அடிப்படை அதுதான். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய பையில் இடுப்புப் பட்டையைச் சும்மா தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறவர்களை எந்த மலைப்பாதையிலும் பார்க்கலாம்.

யார் முதுகில்?

தன் பையை இலேசாக்க மிகப் பழைய வழி, அதை இன்னொருவர் முதுகில் ஏற்றுவது. 1953-ல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட இருவர் பெயர் உலகத்துக்குத் தெரியும். அந்தப் பயணத்தின் நாலரை டன் சாமானை அடிவாரத்துக்குச் சுமந்தவர்கள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சுமைகாரர்கள். உச்சியைத் தொட்டவர்களில் ஒருவரான டென்சிங்கே 1935-ல் சுமைகாரராகத்தான் எவரெஸ்டுக்கு முதலில் போனார்.

மலையேறுகிறவர் இறகு அடைத்த சட்டையில் இருக்க, அவர் பையைத் தூக்குகிறவர் ரப்பர் செருப்பில் நடந்த காலம் வெகு நாள் இருந்தது. நேபாளத்துச் சுமைகாரர்கள் பலர் தாழ்வான மலைக்கிராமங்களிலிருந்து வருகிறவர்கள். உயரமும் குளிரும் அவர்களையும் நோயில் தள்ளும். இப்போது சில இடங்களில் வரம்பு வந்திருக்கிறது. கிளிமஞ்சாரோவில் வாயிலிலேயே மூட்டையை எடைபோடுகிறார்கள்; ஒரு சுமைகாரருக்கு 20 கிலோ. பெருவின் இன்கா பாதையிலும் சுமைகாரருக்குச் சட்டப்படி எடை வரம்பு உண்டு. நேபாளம் 2014-ல் இன்னொரு விதி போட்டது: எவரெஸ்ட் ஏறுகிற ஒவ்வொருவரும் தன் குப்பை தவிர 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவர வேண்டும். மேலே தூக்கிப் போனவை அங்கேயே தங்கிவிட்டதன் விளைவு அது.

ஒரு துணிப்பையும் ஒரு மூதாட்டியும்

1955-ல் எம்மா கேட்வுட் என்ற 67 வயது அமெரிக்க மூதாட்டி, பதினொரு பிள்ளை பெற்றவர், கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பினார். நடந்தது 3,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பலாச்சியன் நெடும்பாதை முழுவதும். தானே தைத்த டெனிம் பை, கேன்வாஸ் ஷூ, மழைக்குக் குளியலறைத் திரை, ஒரு கம்பளி. கூடாரமும் இல்லை, தூக்கப்பையும் இல்லை. அந்தப் பாதையை ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்த முதல் பெண் அவர். பிறகு இன்னும் இரண்டு முறை நடந்தார். பண்ணை வேலையில் உரமேறிய உடம்பு, காட்டுக் கீரை எது என்று தெரிந்த கண், வழிப்போக்கில் கதவைத் தட்டி இடம் கேட்கத் தயங்காத நாக்கு ஆகியவை அவரிடம் இருந்தன. பையில் இல்லாதவற்றை அவை ஈடுகட்டின.

1990-களில் ரே ஜார்டின் என்ற மலையேறி இதை ஒரு முறையாகவே வகுத்தார். உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாகப் பை 4.5 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது இன்று அந்த வழி நடப்பவர்களின் அளவுகோல். பல் பிரஷின் காம்பை நறுக்குவது, வரைபடத்தின் வெற்று ஓரத்தைக் கத்தரிப்பது என்று போகும் அந்தக் கிராம் பைத்தியம். கேலிக்கு இடமுண்டு என்றாலும் பலனும் உண்டு. பை இலேசானால் கனத்த பூட்ஸ் தேவையில்லை. காலில் ஏறும் ஒரு கிலோ முதுகில் ஏறும் ஐந்து கிலோவுக்குச் சமம் என்பது மலையேறிகளின் பழைய கணக்கு.

இலேசாகப் போவதே வீரம் என்று எடுத்துக்கொண்டால் அதற்கும் விலை உண்டு. 1992 ஏப்ரலில் கிறிஸ்டோஃபர் மெக்கேண்ட்லஸ் என்ற இளைஞர் நாலரைக் கிலோ அரிசி, ஒரு சிறு துப்பாக்கி, சில புத்தகங்களோடு அலாஸ்காக் காட்டுக்குள் நடந்தார். ஜூலையில் திரும்ப முயன்றபோது, வரும்போது எளிதாகக் கடந்த ஆறு பெருக்கெடுத்து நின்றது. முகாமுக்கே திரும்பினார். ஆகஸ்டில் அங்கே பட்டினியில் இறந்தார். ஆற்றின் கீழ்ப்பக்கம், நடந்து போகிற தூரத்தில், கம்பிவடத்தில் தொங்கி அக்கரை போக ஒரு கூடை இருந்தது. அவரிடம் நல்ல வரைபடம் இல்லை. வரைபடம் சில கிராம்தான்.

எடையே இல்லாத கருவி ஒன்றும் உண்டு. 2003-ல் யூட்டாவின் பாறைப்பள்ளத்தில், உருண்டு விழுந்த பாறையில் கை மாட்டி ஐந்து நாள் கிடந்து, கடைசியில் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியேறினார் ஆரோன் ரால்ஸ்டன். எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

நம் மலைகளில்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்த விலையுயர்ந்த சாதனமும் அந்தத் தீயில் பயன்பட்டிருக்காது. கோடையில் காய்ந்த புல்மேட்டில் தீ எந்தப் பக்கம் ஓடும், எந்தச் சரிவில் இறங்கக் கூடாது, எந்த மாதத்தில் போகவே கூடாது என்பவை அந்த மண்ணில் வாழ்கிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிகள். அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் கடுமையாயின. 2024-ல் வனத்துறை 40 மலைப்பாதைகளை முறைப்படி திறந்தபோது, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியது. தீப்பருவத்தில் மலையேற்றத்தை நிறுத்தியும் வைக்கிறது. கூப்பர் க்ரீக்கில் பர்க் விரட்டிவிட்ட அறிவை, இங்கே கூலி கொடுத்துக் கூட அழைத்துப் போகிறோம். அந்த வழிகாட்டிகளின் சொல்லைக் கேட்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

பை கட்டும் முன்

• தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. வழியில் ஊற்று எங்கே, இந்த மாதம் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டால் பையில் பெரும்பாரம் குறையும். விசாரிக்க முடியாவிட்டால் தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

• கனமான பொருட்கள் முதுகெலும்பை ஒட்டி, நடு முதுகு உயரத்தில் இருக்கட்டும். அடியில் தூக்கப்பை, மேலே மழைச்சட்டை.

• முதலில் இடுப்புப் பட்டையை இறுக்குங்கள், பிறகு தோள் வாரை.

• பருத்தி உடை நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். குளிர்ந்த மலைக்குக் கம்பளி அல்லது சீக்கிரம் உலரும் செயற்கை இழை.

• அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து மலையேறிகள் சங்கம் 1930-களில் வகுத்த பத்துப் பொருட்கள் இன்றும் அடிப்படை: வரைபடம், திசைகாட்டி, வெயில் கண்ணாடியும் களிம்பும், கூடுதல் உடை, டார்ச், முதலுதவிப் பெட்டி, தீ பிடிக்கவைக்கும் பொருள், தீப்பெட்டி, கத்தி, கூடுதல் உணவு. நம் காடுகளில் தீ மூட்ட அனுமதி இல்லை என்பதால் தீப்பெட்டி எடுத்துப்போகும் முன் வனத்துறை விதியைக் கேளுங்கள்.

• திரும்பி வந்ததும் பையைக் கொட்டி மூன்று குவியலாகப் பிரித்து வையுங்கள்: பயன்பட்டவை, பயன்படாதவை, பயன்படாவிட்டாலும் அடுத்த முறையும் வேண்டியவை. முதலுதவிப் பெட்டியும் விசிலும் மூன்றாவது. இரண்டாவது குவியலை வீட்டிலேயே விடுங்கள்.

கட்டிக்கொடுத்த சோறு

1971 டிசம்பர் 24. பெருவின் அமேசான் காட்டுக்கு மேலே ஒரு விமானம் மின்னல் தாக்கிச் சிதறியது. ஜூலியானே கோப்கே என்ற 17 வயதுப் பெண் இருக்கையோடு சேர்ந்து சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாள். கண்விழித்தபோது கழுத்துப்பட்டை எலும்பு முறிந்திருந்தது, கண்ணாடியைக் காணோம், காலில் ஒற்றைச் செருப்பு. கையில் கிடைத்த சாப்பாடு ஒரு பொட்டலம் மிட்டாய். ஓர் ஓடையைக் கண்டுபிடித்து அதன் போக்கிலேயே இறங்கினாள். ஓடை ஆற்றில் சேரும், ஆற்றங்கரையில் மனிதர் இருப்பார்கள். 11 நாள் நடந்தும் நீந்தியும் மரம்வெட்டிகளின் குடிசை ஒன்றை அடைந்தாள். விமானத்தில் இருந்தவர்களில் பிழைத்தது அவள் ஒருத்திதான்.

அவள் பெற்றோர் இருவரும் உயிரியலாளர்கள். அதே காட்டில் ஆய்வு நிலையம் அமைத்து மகளோடு அங்கே வாழ்ந்தவர்கள். அவளுக்கு அந்தக் காடு படித்துத் தெரிந்த இடமல்ல, நடந்து பழகிய இடம்.

கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த வார்த்தையும் எத்தனை நாளைக்கு என்பார்கள். பர்க்கின் 20 டன் கட்டிக்கொடுத்த சோறு. நார்டூ சொல்லிக்கொடுத்த வார்த்தை, அதையும் அவர் முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டும் தீர்ந்துபோன இடத்தில் நிற்பது, தானே செய்து செய்து கைக்கு வந்த பழக்கம் மட்டும்.

ஆகவே பெரிய மலைக்கு முன் சின்ன மலை. பாரத்தோடு மாடிப்படி ஏறிப் பாருங்கள். மொட்டைமாடியில் மழையில் கூடாரம் அடித்துப் பாருங்கள். ஊருக்குப் பக்கத்துக் குன்றில், வழிகாட்டியோடு, செல்போனை அணைத்துவிட்டு வரைபடத்தை மட்டும் வைத்து நடந்து பாருங்கள். ஒவ்வொன்று கைக்கு வரும்போதும் பையிலிருந்து ஒரு பொருள் தானாக வெளியேறும். பையின் எடை குறைவது அப்படித்தான். கடைக்குப் போய்க் காசு கொடுத்துக் குறைப்பதை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.